வலிக்காத புண்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. "எல்லாருக்கும் காலு கொடுத்த சாமி, சித்ராவுக்குச் சக்கரத்தக் கொடுத்துருச்சு" என்று என் அம்மா உண்ணாமலை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சோற்றைக்கூட நின்றபடியே தின்றுவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுகிறவள் நான். முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் வேலை பார்க்கிறவளுக்கு இது ஆகாத குணம். அங்கே காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரை எழுந்திருக்கக் கூடாது. நான் தண்ணீர் குடிக்க, போன் பேச, சும்மா வெளியே எட்டிப் பார்க்க என்று எதையாவது சொல்லிக்கொண்டு எழுந்து போவேன். முதலாளி நல்லுசாமிக்கு என்னைத் திட்டித் திட்டியே தொண்டை கட்டிப் போயிற்று.

அப்படிப்பட்டவளை ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, "நடந்துக்கிட்டே இருக்காதீங்க, மத்த பேஷன்ட்டுக்குத் தொந்தரவா இருக்கு" என்று நர்ஸ் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கட்டிலில் கிடக்கிறவள் அனலாய்க் கொதிக்கிறாள், நான் பொம்மை மாதிரி உட்கார வேண்டுமாம்.

கட்டிலில் கிடந்தவள் மேகலா. ஊருக்கு முன்னால் எனக்கு அண்ணி. ஊர் இல்லாத இடத்தில் அவள் எனக்கு 'டி', நான் அவளுக்கு 'டி'. கொட்டகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைத்த சிநேகிதி அவள். இவளை விட்டால் நம் வீட்டுக்கு வேறு ஆள் கிடைக்காது என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்று என் அண்ணன் தமிழழகனுக்குக் கட்டிவைத்தேன். அண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். அவர்களுக்கு ஒரே பிள்ளை வெற்றிச்செல்வி, ஒன்றாம் வகுப்பு. பிள்ளை இப்போது என் அம்மாவிடம் இருந்தாள். "அம்மா எப்ப வரும்?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாளைக்கு வரும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த நாளைக்கு வந்தபாடில்லை.

காய்ச்சல் மார்கழி தொடக்கத்தில் வந்தது. பனி என்றார்கள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாள். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் இறங்கும், வேர்க்கும், மறுபடி ஏறும். தலை வெடிக்கிறது என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்போதும் கொட்டகைக்கு வந்தாள். பிறகு மீன்சுருட்டியில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டாள். அதற்கும் அடங்கவில்லை. வாரம் கழிந்த பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆட்டோ பிடித்து ஜெயங்கொண்டத்தில் இருக்கும் ஒரு நர்சிங் ஹோமுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். வருகிற வழியில் வேகத்தடை வரும்போதெல்லாம் "எலும்பு நொறுங்குதுடி" என்று அழுதாள். எதற்கும் அழாதவள் அவள். பயம் எனக்கு அங்கேதான் பிடித்தது.

அங்கிருந்த டாக்டர் அறிவரசன் சின்ன வயசுக்காரர். கோயம்புத்தூர்ப் பக்கம். பார்த்தால் இன்னும் காலேஜில் படிக்கிற பையன் மாதிரி இருந்தார். ஆனால் மற்றவர்களைப் போல முகத்தைப் பார்க்காமல் சீட்டு எழுதவில்லை. கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நிறையக் கேட்டார். அதில் ஒரு கேள்வி எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

"உடம்புல எங்கயாவது கருப்பா, பொருக்குத் தட்டின மாதிரிப் புண்ணு இருக்காம்மா?"

மேகலா இரண்டு கையையும் நீட்டினாள்.

எங்கள் கொட்டகைப் பெண்களை எந்தச் சந்தையில் பார்த்தாலும் அடையாளம் கண்டுவிடலாம். கையைப் பார்த்தால் போதும். முந்திரிக்கொட்டையின் தோலுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. நாங்கள் முந்திரிப்பால் என்போம். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்போம், இருந்தாலும் தெறிக்கும். பட்ட இடம் வெந்து, கறுத்து, பொருக்குத் தட்டி, பிறகு உரியும். விரல், மணிக்கட்டு, முழங்கை, சில நேரம் கன்னம், கால் என்று எங்கேயும் தெறிக்கும். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று வந்துவிடும். எங்களுக்கு அது புண்ணே இல்லை. நெற்றிப் பொட்டு மாதிரி அதுபாட்டுக்கு இருக்கும்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திகைத்துப் போனார். "என்னம்மா இது, இவ்வளவு?"

"முந்திரிப்பாலு சார்," என்றாள் மேகலா. "எங்களுக்கெல்லாம் இப்படித்தான்."

நான் என் கையையும் நீட்டிக் காட்டினேன். "இங்க பாருங்க சார். எனக்கும் இருக்கு. எனக்கு என்ன காச்சலா அடிக்குது?"

அவர் தலையாட்டினார். அந்தக் கேள்வி அதோடு போயிற்று. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. டெங்குவாக இருக்கலாம், முடிவு வரட்டும் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். நியாயமாகத்தான் செய்தார்கள். ஆனால் நியாயம் பார்த்தா காய்ச்சல் இறங்கும்?

மறுநாள் மேகலா இன்னும் மோசமானாள். மூச்சு மேலும் கீழுமாய் வாங்கியது. கண் மஞ்சளடித்தது. பேச்சு குழறியது. "முழுப்பருப்பு இந்தப் பக்கம், ஒடஞ்சது அந்தப் பக்கம்" என்று போர்வையில் எதையோ பொறுக்கிப் பொறுக்கிப் போட்டாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினால், "வுடுடி, நல்லுசாமி திட்டுவாரு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த நிலைமையிலுமா அந்த மனுசனுக்குப் பருப்பு பிரித்துக்கொடுக்க வேண்டும்?

டாக்டர் வந்து பார்த்தார். முகத்தை மாற்றிக்கொள்ளாமல் பேசத் தெரியாத வயசு அவருக்கு.

"ஈரல்லயும் பாதிப்பு தெரியுது. நுரையீரல்ல நீர் சேர்ற மாதிரி இருக்கு. சாயங்காலம் வரைக்கும் பாப்போம். முன்னேற்றம் இல்லன்னா திருச்சிக்கு அனுப்பிருவோம். நீங்க வீட்ல சொல்லி வச்சிருங்க."

"என்ன சார் காச்சல் இது? அதச் சொல்லுங்க மொதல்ல," என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. "ஊசி போடுறீங்க, ரத்தம் எடுக்கிறீங்க, பேரு மட்டும் சொல்ல மாட்டேங்கிறீங்க."

"டெங்கு இல்லன்னு வந்திருக்கு. வேற டெஸ்ட்டும் அனுப்பியிருக்கேன். வரணும்."

வரணும், வரணும். பஸ்ஸா அது? நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரோரமாக முன்னும் பின்னும் நடந்தேன். அண்ணனிடமிருந்து போன் வந்தது. "நான் டிக்கெட் போடவா?" என்றான். வெளிநாட்டில் இருக்கிறவன் எதற்கு அவசரமாக டிக்கெட் போடுவான் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"வாய மூடுண்ணே," என்று வைத்துவிட்டேன். பிறகு கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டேதான் நடந்தேன், அந்த இத்துனூண்டு இடத்திலும்.

மதியம் குளுக்கோஸ் ஊசியை வேறு கைக்கு மாற்ற நர்ஸ் வந்தாள். பழைய ஊசியின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்தாள். அது மணிக்கட்டில் இருந்த முந்திரிப்பால் பொருக்கையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. அதுவரை கண் திறக்காமல் கிடந்த மேகலா "ஐயோ, எம்மா!" என்று வீறிட்டாள். நர்ஸ் பயந்து கையை எடுத்துவிட்டாள்.

"பாத்து எடுங்க சிஸ்டர்," என்று நான் கத்தினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்ன நிம்மதி. கத்துகிற தெம்பு இருக்கிறதே.

நர்ஸ் போன பிறகு பார்த்தேன். சேலையெல்லாம் வேர்வையில் ஊறிக் கிடந்தது. நைட்டி மாற்றிவிடலாம் என்று மறைப்புத் துணியை இழுத்துவிட்டேன். மேகலா காய்ச்சலிலும் சேலைதான் கட்டுவேன் என்று அடம்பிடித்தவள். இப்போது சொல்லத் தெம்பில்லை. பாவாடை நாடாவை அவிழ்த்தேன். இடுப்பில் நாடா இறுக்கின தடம் கறுத்துப்போய் வளையமாய் இருந்தது. எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற தடம்தான். அந்தத் தடத்தின் மேலேயே, இடது பக்கம், பின்னால் தள்ளி ஒரு கறுப்புப் பொருக்கு. மிளகை விடக் கொஞ்சம் பெரியது. சுற்றிலும் சிவப்பு. மேலே மஞ்சள் அப்பியிருந்தாள்.

முந்திரிப்பால் என்றுதான் எனக்கும் முதலில் பட்டது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே வந்தேன். அந்த இடம் வந்ததும் வலிக்குமே என்று கை தானாக மெதுவாயிற்று. மஞ்சள் போகவில்லை, கொஞ்சம் அழுத்தினேன். மேகலா அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். அப்போதும் இல்லை.

என் கை நின்றுவிட்டது. சற்றுமுன் பிளாஸ்திரி உரித்ததற்கு ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினவள் இவள். இதற்கு ஏன் ஒரு முனகல்கூட இல்லை?

கொட்டகைக்கு அவள் எப்போதும் கட்டுகிற அந்தப் பாவாடையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாடாப் பக்கம் ஒரு கறை இல்லை, ஓட்டை இல்லை. முந்திரிப்பால் பட்டால் துணியில் போகாத கறை படியும். சேலைக்கும் பாவாடைக்கும் உள்ளே போய், நாடாவுக்கு அடியில், முதுகுப் பக்கமாக எப்படித் தெறிக்கும் அது? கொட்டகையில் யாராவது இடுப்பால் கொட்டை உடைக்கிறார்களா?

"மேகலா. ஏ மேகலா. இடுப்புல இது என்னாடி?"

கண்ணை அரைவாசி திறந்தாள். "பாலுதான்டி."

"எப்பப் பட்டுச்சு?"

"காட்டுக்குப் போனோம்ல... அப்பறமா."

"காட்டுல ஏதுடி கொட்டை? இன்னும் பூவே வைக்கலயே!"

அவள் மறுபடி பருப்பு பொறுக்கத் தொடங்கிவிட்டாள்.

காடு என்றது நல்லுசாமியின் முந்திரிக்காட்டை. கார்த்திகை மழை விட்ட பிறகு, பூ எடுப்பதற்கு முன்னால், மரத்தடியில் மண்டின புதரை வெட்டிக் கூட்டித் தள்ளுவது எங்கள் பக்கத்து வழக்கம். கூட்டி வைத்தால்தான் பழம் விழும்போது கொட்டை கண்ணில் படும். அந்த வருஷம் மழை கூடுதல், புதரும் இடுப்பளவு. காய்ச்சலுக்கு ஒரு வாரம் முன்னால் மேகலா, நான், கொட்டகையில் எங்களோடு வேலை பார்க்கும் பஞ்சவர்ணம் அக்கா மூன்று பேரும் போயிருந்தோம்.

நான் மறைப்பை விலக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் வேறு ஒரு பேஷன்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், ஒரு புண்ணு இருக்கு, வந்து பாருங்க" என்றேன். இதோ வருகிறேன் என்றார். நான் கதவிலேயே நின்றேன். அவர் வருகிற வரை போக மாட்டேன் என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

கட்டிலுக்கு அவர் வந்ததும் மேகலாவுக்கு எங்கிருந்தோ நினைவு வந்துவிட்டது. போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. ஆம்பள டாக்டரு. எந்தம்பி வயசு. இடுப்பையெல்லாம் காட்டச் சொல்றியே."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஊருக்கு முன்னால் அண்ணி என்று கூப்பிட வேண்டிய முறையெல்லாம் பறந்துவிட்டது. "அடி கூறுகெட்டவளே! ஒம்புள்ள அங்க அம்மா அம்மான்னு வாசலப் பாத்துக்கிட்டு நிக்கிது. நீ இங்க இடுப்ப மூடிக்கிட்டுச் சாவப் போறியா? வுடுடி கைய!" வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தாள். நான் மேகலாவின் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணோரம் நீர் வழிந்தது.

டாக்டர் குனிந்தார். போன் விளக்கைப் போட்டுப் பார்த்தார். கையுறை விரலால் தொட்டார். "வலிக்குதாம்மா?" மேகலா இல்லை என்று தலையாட்டினாள். அவர் நிமிர்ந்து நர்ஸிடம் ஏதோ மருந்துப் பெயரைச் சொன்னார். "உடனே" என்றார். அவள் ஓடினாள்.

பிறகு என்னிடம் திரும்பினார். "இத ஏன் நேத்தே காட்டல? நான் கேட்டேனே!"

"கையக் காட்டுனோமே சார்!" என்று நான் வெடித்தேன். "நீங்க கருப்பாப் புண்ணு இருக்கான்னு கேட்டீங்க. எங்க ஒடம்பு பூரா கருப்புப் புண்ணுதான். இதுல எது ஒங்க புண்ணு, எது எங்க புண்ணுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

திட்டுவார் என்று நினைத்தேன். "சரிதான்," என்றார். "வலிக்காத புண்ணு இருக்கான்னு நான் கேட்டிருக்கணும். இதக் கடிச்சது ஒரு பூச்சிம்மா. கண்ணுக்கே தெரியாது, அவ்ளோ சின்னது. புதர்ல, சருகுல இருக்கும். ஆள் உட்கார்ந்தா ஏறி, துணி இறுக்கமா இருக்கிற இடத்துல போய்க் கடிக்கும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, தலைமுடி ஓரம். கடிச்சது தெரியாது. புண்ணும் வலிக்காது. அதுக்குள்ள இருக்கிற கிருமிதான் இந்தக் காய்ச்சல். உண்ணிக் காய்ச்சல்னு சொல்வாங்க."

"எங்க வூட்ல மாடே கெடையாது சார்."

"மாட்டு உண்ணி இல்லம்மா. இது வேற. சரி, அந்தப் புதர்ப் பக்கம் கூட யார் யார் போனீங்க?"

"நானும் பஞ்சவர்ணம் அக்காவும்."

என்னை நர்ஸ் மறைப்புக்குள் கூட்டிப்போய்த் தலையிலிருந்து கால் வரை சோதித்தாள். ஒன்றும் இல்லை. டாக்டருக்கு ஆச்சரியம். "நீங்க அங்க உட்காரவே இல்லையா?"

யோசித்துப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு மேகலா சருகின் மேல் காலை நீட்டி, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பஞ்சவர்ணம் அக்கா சருகைக் குவித்துத் தலைக்கு வைத்து ஒரு தூக்கமே போட்டது. நான் தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டே தின்றேன். "ஒக்காந்து தின்னுடி, நடந்துக்கிட்டே தின்னா ஒடம்புல ஒட்டாது" என்று அக்கா திட்டியதுகூட நினைவிருக்கிறது.

"எனக்கு உட்கார வராது சார்," என்றேன்.

மருந்து ஏறத் தொடங்கியது. திருச்சிக்கு இப்போது வேண்டாம், காலை வரை பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் அங்கிருந்தே பஞ்சவர்ணம் அக்காவுக்குப் போன் போட்டேன். இந்த அக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் கொட்டகையின் ஒலிபெருக்கி அது. ஒரு எறும்பு கடித்தால் போதும், எறும்பின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டும். முந்திரிப்பால் தெறித்தால் அது போடுகிற சத்தம் ரோட்டில் போகிற பஸ்ஸை நிறுத்தும்.

"யக்கா, ஒடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்னாடி, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். மேகலா எப்படி இருக்கு?"

"ஒடம்புல எங்கயாவது கருப்பாப் புண்ணு இருக்காக்கா?"

அக்கா கெக்கெக்கே என்று சிரித்தது. "ஏன்டி, இல்லாத எடத்தக் கேளு, சொல்றேன். வேலையப் பாரு, போ."

வைத்துவிட்டது. நான் மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எனக்கு ஒருபக்கம் கோபம், ஒருபக்கம் சமாதானம். கல் மாதிரி இருக்கிறேன் என்கிறதே, இருக்கட்டும்.

மறுநாள் விடியும்போது மேகலாவின் நெற்றி வேர்த்திருந்தது. மாத்திரை போட்டு வருகிற வேர்வை இல்லை இது. தொட்டேன். என் கை மாதிரியே சாதாரணமாக இருந்தது அவள் நெற்றி. மூச்சு இன்னும் சீராகவில்லை, ஆனால் முந்தைய நாள் மாதிரி இழுக்கவில்லை. அடுத்த நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். என் அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வெற்றிச்செல்வி கட்டிலில் ஏறி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒட்டிக் கிடந்தாள்.

மேகலா என்னைப் பார்த்தாள். என் அம்மா பக்கத்தில் இருக்கும்போது எப்போதும் "வாங்க சித்ரா, போங்க சித்ரா" என்று மரியாதை கொடுத்துப் பேசுகிறவள். "இங்க வாடி," என்றாள், அம்மா முன்னாலேயே. "எல்லாரு முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டல்ல?" சொல்லும்போதே உதடு கோணியது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். என் அம்மா காதில் விழாத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குமேல் எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. பஞ்சவர்ணம் அக்காவின் சிரிப்பு காதில் குடைந்துகொண்டே இருந்தது. இல்லாத இடத்தைக் கேளு என்றதே. மேகலாவும் அப்படித்தானே சொன்னாள்? அம்மாவைக் காவல் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். சீட் காலியாகத்தான் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொட்டகையில் வழக்கம்போல டொக் டொக் என்று சத்தம். வறுத்த கொட்டையின் புகை வாடை. என்னைக் கண்டதும் எல்லோரும் மேகலாவைப் பற்றிக் கேட்டார்கள். பிழைத்துவிட்டாள் என்றேன். "எல்லாரும் கையக் காலக் காட்டுங்க," என்றேன் உடனே.

வாசல் ஓரம் இருந்த வைரக்கண்ணுவின் கையைப் பிடித்தேன். பொருக்குத் தட்டின ஒரு புண்ணைப் பார்த்து அமுக்கினேன். "அடிப்பாவி, ஒங்கையில கொள்ளிய வைக்க!" என்று கத்தி, முழங்கையால் என் நெஞ்சில் ஒரு இடி இடித்தாள்.

"நீ நல்லா இருக்க," என்றேன். அடுத்தவளிடம் போனேன். அவளும் கத்தினாள். அதற்கடுத்தவள் சுத்தியலை ஓங்கினாள். பார்த்துக்கொண்டிருந்த நல்லுசாமி எழுந்து வந்தார்.

"என்னாம்மா சித்ரா, ஒனக்கு என்னாச்சு? வேல கெட்டுப் போவுதுல்ல?"

"கெடட்டுங்க மொதலாளி. ஒங்க காட்டுலேருந்துதான் வந்துச்சு அந்தக் காச்சல்." நான் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். "கருப்பாப் பொருக்குத் தட்டின புண்ணு எதா இருந்தாலும் அமுக்கிப் பாருங்க. வலிச்சாப் பாலு. வலிக்கலன்னா எந்திரிச்சு எங்கூட வாங்க. பாக்காத எடமெல்லாம் வூட்ல போயிப் பாருங்க. அக்குளு, இடுப்பு, தொடை, எல்லாம்."

சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொருத்தியாகத் தன்னையே அமுக்கிப் பார்க்கத் தொடங்கினாள். 'ஆ', 'ஊ', 'ஐயோ' என்று கொட்டகை முழுக்கச் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தேனாய் இனித்தது. இன்னும் கத்துங்கள் என்று மனசு சொன்னது.

பஞ்சவர்ணம் அக்கா மூலையில் அதன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தது. தலையைச் சுற்றிக் காது மூடத் துண்டு கட்டியிருந்தது.

"என்னாக்கா தலையில துண்டு? காச்சலா?"

"லேசா கதகதங்குது. தலவலி. மார்கழிக்கு இதுகூட இல்லன்னா எப்படி? ஒரு மாத்திர போட்டுருக்கேன்."

அதன் வலது கையை எடுத்து, கட்டை விரலில் இருந்த பொருக்கை அமுக்கினேன். "ஐயயோ கொலகாரி! ஒனக்குப் பொறந்த வூட்ல நல்லது எதையுமே சொல்லித் தரலயாடி!" கொட்டகைக் கூரை அதிர்ந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கால் பெருவிரலில் ஒன்றை அமுக்கினேன். எட்டி உதைத்தது. அக்குளைப் பார்த்தேன், இடுப்பை விலக்கிப் பார்த்தேன். "வெக்கங்கெட்டவளே" என்று திட்டிக்கொண்டே காட்டியது. ஒன்றும் இல்லை. அப்பாடா என்று எழுந்தேன்.

எழுந்ததும் காட்டில் அது தூங்கினது நினைவுக்கு வந்தது. சருகைக் குவித்துத் தலைக்கு வைத்துத் தூங்கினது.

பின்னால் போய் நின்று துண்டை அவிழ்த்தேன். கொண்டையைத் தூக்கினேன். காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில், கறுப்பாய், மிளகு அளவுக்கு ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. அதன் மேல் விரலை வைத்தேன்.

கொட்டகை அமைதியாயிற்று. வரப்போகிற சத்தத்துக்காக எல்லோரும் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைரக்கண்ணு முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். நான் அமுக்கினேன். அக்கா கையிலிருந்த கொட்டையை உடைத்து, பருப்பை எடுத்துத் தட்டில் போட்டது. நான் நகம் பதிய இன்னும் அழுத்தினேன்.

"என்னாடி, பேனு பாக்குறியா?" என்றது அக்கா, திரும்பாமல். "பாக்குறதுன்னா சட்டுன்னு பாரு. வேல கெடக்கு."

வைரக்கண்ணுவின் சிரிப்பு நின்றது. நான் அக்காவின் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தேன்.

"எந்திரிக்கா," என்றேன். "ஜெயங்கொண்டம் பஸ்ஸு வந்துரும்."